எக்ஸ்ஏ21: ஒரு களைப்புல்லின் வரலாறு

நெற்பயிரின் நோய் எதிர்ப்பு மரபியலைக் கற்பிப்போர் பெரும்பாலும் 1995ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பமீலா ரொனால்டு குழுவினர் எக்ஸ்ஏ21 என்னும் மரபணுவைப் பிரித்தெடுத்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆண்டு அது. நெல்லில் பிரித்தெடுக்கப்பட்ட முதல் நோய் எதிர்ப்பு மரபணு என்பதால் அந்தச் சிறப்பு நியாயமானதே. ஆனால் அந்த மரபணுவின் கதை அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே கட்டாக் நகரில் தொடங்கிவிட்டது. அந்த முன்கதை நம் பாடநூல்களில் ஏறத்தாழ இல்லை என்பதே இதை எழுதக் காரணம்.

முதலில் நோயைப் பற்றி. பாக்டீரியா இலைக்கருகல் கண்ட வயலில் இலையின் நுனியிலிருந்து ஓரம் வழியாக மஞ்சள் கோடு அலையலையாய் இறங்கும். பின்னர் வைக்கோல் நிறமாகக் காயும். நோயுற்ற இலையை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து பால் போன்ற கசிவு இழையாக இறங்குவதை வெறுங்கண்ணாலேயே காணலாம். ஜப்பானின் ஃபுகுவோகா பகுதியில் 1884இல் இந்நோய் முதலில் கவனிக்கப்பட்டது. இந்தியாவில் 1963இல் பிகாரின் ஷாஹாபாத் மாவட்டத்தில் பெருவாரியாகப் பரவியபோதுதான் அதன் வலிமை புரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தைச்சுங் நேட்டிவ் 1, ஐ.ஆர். 8 ஆகிய குட்டை இரகங்கள் வந்தன. அவை தழைச்சத்தை விரும்பி உண்டன. தழைச்சத்து மிகுந்த பசுமையை இந்தப் பாக்டீரியாவும் விரும்பியது. விளைச்சலைப் பெருக்கிய அதே உரம் நோய்க்கும் தீனியானது. தெளித்துக் கட்டுப்படுத்த நம்பகமான மருந்து எதுவும் இல்லை. ஆகவே பாதுகாப்பு விதைக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

அப்படிப்பட்ட விதை அப்போதே ஒன்று இருந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூர்குப்பம் ஆய்வு நிலையத்தின் டி.கே.எம். 6 இரகத்திலிருந்து ஐ.ஆர். 20க்குச் சென்ற எக்ஸ்ஏ4 மரபணு, ஆசியாவின் பெரும்பரப்பில் பயிரைக் காத்தது. ஆனால் ஒரே மரபணு ஒரே நேரத்தில் பல இலட்சம் ஏக்கரில் நின்றால் அதை ஏமாற்றத் தெரிந்த பாக்டீரியா இனம் மட்டுமே பிழைத்துப் பெருகும். பிலிப்பைன்சில் நடந்தது அதுதான். ஆளிச்செடியின் துருநோயை ஆராய்ந்த ஃபுளோர், 1940களிலேயே இதன் தருக்கத்தை விளக்கியிருந்தார்: பயிரின் ஒவ்வோர் எதிர்ப்பு மரபணுவுக்கும் நோய்க்கிருமியில் ஓர் இணை மரபணு உண்டு, அந்த இணை மாறிவிட்டால் எதிர்ப்பு செயலற்றுப்போகும்.

இந்நிலையில்தான், 1977இல், கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். தேவதத் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியிலிருந்து வந்த ஒரு காட்டு நெல்லைச் சோதித்தார். அவர் செலுத்திய பாக்டீரியா வகை எதுவும் அதை வீழ்த்தவில்லை. மாலியின் உழவருக்கு அந்தப் புல் ஒரு களை. தரைக்கீழ்த் தண்டால் படரும். மணி முற்றியதும் உதிர்ந்துவிடும். நிலமற்ற பேலா மக்கள் மட்டும் அதன் மணிகளைச் சேகரித்து உண்டனர்.

அந்தப் புல் 1978இல் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தை அடைந்தது. அங்கே குர்தேவ் சிங் குஷ் குழுவினர் அதை ஐ.ஆர். 24உடன் கலந்து, மீண்டும் மீண்டும் பின்கலப்புச் செய்து, உதிர்வதும் படர்வதும் நீங்கி எதிர்ப்பு மட்டும் தங்கிய வரிசையை 1990இல் எட்டினர். பன்னிரண்டு ஆண்டு உழைப்பு, ஒரே ஒரு மரபணுவுக்காக! இளநாற்றுப் பருவத்தில் அதன் எதிர்ப்பு வலுவற்றது என்பதையும் பயிர் வளர வளரவே அது முழுமை பெறும் என்பதையும் பின்னர் கண்டனர்.

1995க்குப் பின் வந்தது காப்புரிமை. மாலிக்கும் உரியது சேர வேண்டும் என்று கருதி ரொனால்டு 1996இல் தம் பல்கலைக்கழகத்தில் மரபுவள அங்கீகார நிதியம் ஒன்றை அமைக்க முன்முயற்சி எடுத்தார். எண்ணம் உயர்ந்தது, ஆயினும் உரிமம் கோரிய நிறுவனங்கள் அந்த மரபணுவைச் சந்தைக்குக் கொண்டுவராததால் எதிர்பார்த்த பங்குத்தொகை வரவில்லை.

ரொனால்டின் நேர்மைக்கு இன்னொரு சான்றும் உண்டு. இந்த மரபணு உருவாக்கும் புரதம் செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஓர் ஏற்பி. அது பாக்டீரியாவின் எந்த மூலக்கூற்றை அடையாளம் காண்கிறது என்பதை 2009இல் அவருடைய குழு அறிவித்தது. பின்னர் ஆய்வகத்தில் சேர்ந்தோரால் அம்முடிவை மீண்டும் பெற இயலவில்லை; பாக்டீரியா மாதிரிகளில் பெயர் மாறியிருந்தது தெரியவந்தது. 2013இல் கட்டுரையை அவரே திரும்பப் பெற்றார். உண்மையான மூலக்கூறான ராக்ஸ்எக்ஸ் 2015இல் கண்டறியப்பட்டது.

இந்திய வயல்களுக்கு எக்ஸ்ஏ21 வந்தது காப்புரிமையின் வழியாக அன்று. பொது நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்த விதைப்பொட்டலங்களின் வழியாக. 1986இல் பாபட்லா ஆய்வு நிலையம் வெளியிட்ட சம்பா மசூரியை (நம் கடைகளில் அது 'ஆந்திரா பொன்னி') உண்போரும் விட மறுத்தனர், உழவரும் விட மறுத்தனர். அதுவோ இந்நோய்க்கு எளிதில் இரையாகும். ஆகவே ஐதராபாத்தின் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் அரிசியின் நயம் கெடாமல் எதிர்ப்பை மட்டும் அதற்குள் செலுத்த முனைந்தன. எக்ஸ்ஏ21 மட்டும் போதாது என்பது முன்னரே தெரிந்திருந்தது. அதை மீறும் பாக்டீரியா கொரியாவிலும் இந்தியாவிலும் கண்டறியப்பட்டிருந்தது. எனவே எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13 என்னும் இரண்டு ஒடுங்கு மரபணுக்களும் சேர்க்கப்பட்டன. இவற்றுள் எக்ஸ்ஏ13 எனக்கு மிகவும் பிடித்தது. பாக்டீரியா நெல்லின் சர்க்கரைக் கடத்தி மரபணு ஒன்றை முடுக்கிவிட்டுத் தனக்கு உணவு பெறுகிறது. எக்ஸ்ஏ13இல் அந்த முடுக்குமிடம் மாறியிருப்பதால் கிருமியின் தந்திரம் பலிப்பதில்லை. எதிர்ப்பு என்று நாம் சொல்வது சில வேளைகளில் போரிடுவதன்று, பரிமாற மறுப்பது.

ஒடுங்கு மரபணுவை வெளித்தோற்றத்தால் தேர்வது கடினம். எக்ஸ்ஏ21 உள்ள செடியில் மற்ற இரண்டும் இருக்கின்றனவா என்பதை நோயேற்றிப் பார்த்தும் அறிய முடியாது. மூலக்கூறுக் குறிப்பான்கள் இன்றி இந்த வேலை நடந்திராது. அவ்வகையில் டேவிஸ் போன்ற ஆய்வகங்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் உண்மையானது. மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008இல் வெளியானது.

அந்த இரகத்தின் மரபுவழிப் பதிவில் கொடையாளியாகக் குறிக்கப்படுவது எஸ்.எஸ். 1113 என்னும் வரிசை, பஞ்சாபின் பி.ஆர். 106இலிருந்து உருவானது. அதற்கு முன்னால் பிலிப்பைன்சும் கட்டாக்கும் மாலியும் இருப்பதை அந்தக் குறியீடு காட்டாது. தேவதத்தின் குறிப்பு 1983இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் இரண்டே பக்கங்களில் வெளிவந்தது. அதன் தலைப்பில் அந்தப் புல்லின் பெயர் ஒரைசா பார்த்தி. இன்று அதே புல்லை ஒரைசா லாங்கிஸ்டாமினாட்டா என்கிறோம். புதிய பெயரை மட்டும் இட்டுத் தேடும் மாணவருக்கு அந்தக் குறிப்பு எளிதில் அகப்படாது. பழைய பெயரையும் இட்டுப் பாருங்கள்.