பட்டிப்பொல: பலகை சொல்லாத வரலாறு

கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர். இலங்கையில் இன்றுள்ள புகையிரத நிலையங்களில் மிக உயரமானது பட்டிப்பொல. இந்நிலையத்தைக் கட்டியது யார் என்று ஒருமுறை வகுப்பில் கேட்டேன். "வெள்ளைக்காரன், சேர்" என்றார்கள் பிள்ளைகள். பாடப்புத்தகத்தில் படித்ததைத்தான் சொன்னார்கள்.

கோப்பியைக் கொழும்புக்கு இறக்கவே 1858இல் புகையிரதப் பாதை வேலை தொடங்கியது. பாதை 1867இல் கண்டியை அடைந்தது. 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்தது. அதற்குள் இலைநோய் கோப்பியைத் தின்னத் தொடங்கிவிட்டது. பின்னர் தேயிலைக்காகப் பாதை மேலும் மலை ஏறியது. 1885இல் நானுஓயா, 1893இல் பட்டிப்பொல வழியாக அப்புத்தளை, 1924இல் பதுளை. பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையே ஒரு சுரங்கம் உண்டு. இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. இங்கே மூடுபனியாக இருக்கும்போதே அங்கே வெயில் எறிக்கும்.

மலையைக் குடைந்து தண்டவாளம் இட்டவர்களில் தமிழகத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர் பெருந்தொகையினர். அதே காலத்தில், 1882இல், அறிஞர் சித்திலெவ்வை கண்டியில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அக்கால முஸ்லிம்களின் கவலைகளும் விவாதங்களும் இன்று நமக்கு எழுத்தில் கிடைப்பது அதனால்தான். சுரங்கம் வெட்டியவர்களுக்கு அப்படியொரு பத்திரிகை இருக்கவில்லை. அவர்களுடைய பெயர்கள்கூட நமக்கு வந்து சேரவில்லை.

அவர்களின் வழிவந்தோரில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. பாட்டன்மார் இட்ட தண்டவாளத்தின் மேலேயே பேரப்பிள்ளைகள் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறினார்கள். அந்த வண்டியை 'அழுகைக் கோச்சி' என்று தோட்டத்து முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1984இல் கப்பல் நின்றது. எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

பட்டிப்பொலவில் இறங்குபவர்கள் உயரத்தைச் சொல்லும் பலகையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கோச்சியில் சொந்தங்களை ஏற்றிவிட்டு நின்றவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களும் மௌத்தாகிவிட்டால் யாரிடம் கேட்பது?

இன்ஷா அல்லாஹ், வருகிற விடுமுறையில் என் மாணவர்களைக் கொப்பியும் பென்சிலுமாக அவர்களிடம் அனுப்பப் போகிறேன். மலையகத்தில் படிப்பிக்கும் மற்ற ஆசிரியர்களும் இதைச் செய்யலாம்.