தலைச்சுமையும் தலைமையும்

தலைமை என்றதும் மேசைக்குப் பின்னால் அமர்ந்து ஆணையிடும் ஒருவரையே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆலையிலும் அலுவலகத்திலும் அப்படித்தான். உரிமைக்காக எழுந்த தொழிற்சங்கங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். அவ்வழக்கம் உடைந்த ஒரு வரலாறு அகமதாபாத் நகரில் நடந்தது.

அங்குள்ள ஆலைத் தொழிலாளருக்காக 1920-இல் மஜூர் மகாஜன் சங்கத்தை நிறுவியவர் அனசூயா சாராபாய் அம்மையார். 1918-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில், ஆலை அதிபரான சொந்தத் தம்பிக்கு எதிராகவே காந்தியடிகளோடு தொழிலாளர் பக்கம் நின்றவர் அவர். ஆயினும் ஒரு பெண் தொடங்கிய சங்கம் காலப்போக்கில் ஆண்களின் சங்கமாயிற்று. பெண்களுக்கென்று ஒரு பிரிவு இருந்தது. ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்கு அது தையலும் பின்னலும் கற்றுக்கொடுத்தது. 1968-இல் அப்பிரிவின் பொறுப்பை ஏற்றவர் எலா பட் என்னும் வழக்கறிஞர்.

1971-இல் துணிச் சந்தையில் மூட்டை சுமக்கும் பெண்கள் அவரிடம் வந்தனர். எத்தனை மூட்டை சுமந்தோம் என்பதற்குக் கணக்கில்லை; கொடுத்ததே கூலி. எலா பட் அதைச் செய்தித்தாளில் எழுதினார். வணிகர்கள் வெகுண்டு, தாங்கள் நியாயமான கூலியே தருவதாக மறுப்பு வெளியிட்டனர். அம்மையார் அம்மறுப்பையே அட்டைகளில் அச்சிட்டுச் சுமைப் பெண்களின் கையில் கொடுத்தார். சொன்ன கூலியைத் தாருங்கள் என்று கேட்க அதைவிட நல்ல சான்று வேறு ஏது?

1972-இல் ‘சேவா’ என்னும் சங்கத்தைப் பதிவு செய்ய முயன்றபோது தொழிலாளர் துறை தயங்கியது. முதலாளியே இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு, யாரை எதிர்த்துப் போராடுவார்கள் என்பது அதிகாரிகளின் கேள்வி. சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்கு மட்டுமன்று, உழைப்பவர் ஒன்றுபடுவதற்கே என்று அம்மையார் வாதிட்டு வென்றார். அவ்வாறு சேர்ந்த பெண்களே தத்தம் தொழிலுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தனர்.

1974-இல் ஏறத்தாழ 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். வங்கி வேண்டும் என்ற எண்ணம் கூட்டத்தில் அமர்ந்திருந்த பழந்துணி விற்கும் பெண்ணிடமிருந்து வந்ததேயன்றித் தலைவியிடமிருந்து அன்று. கையெழுத்திடத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவதா என்று பதிவாளர் மறுத்தார். பதிவுப் பத்திரத்தில் பெயர் எழுத வேண்டிய பெண்கள் இரவெல்லாம் விழித்திருந்து தம் பெயரை எழுதப் பழகினர். சேமிப்புப் புத்தகத்தில் கையெழுத்துக்குத் துணையாக நிழற்படம் ஒட்டப்பட்டது. அந்த ஓர் இரவை நாம் பல நாள் நினைத்துப் பார்த்ததுண்டு.

சோதனை 1981-இல் வந்தது. மருத்துவக் கல்லூரிகளில் தலித் மாணவர்களுக்குரிய இட ஒதுக்கீட்டை எதிர்த்துக் குஜராத்தில் கலவரம் மூண்டது. தாய்ச்சங்கம் வாய் திறக்க விரும்பவில்லை. சேவாவின் உறுப்பினர்களில் பலர் தலித் பெண்கள். எலா பட் வெளிப்படையாக அவர்களுக்காகப் பேசினார். கட்டுப்பாட்டை மீறினார் என்று தாய்ச்சங்கம் அவரையும் சேவாவையும் வெளியேற்றியது. நிழல் தந்த மரமே கிளையை வெட்டியபின் சேவா பிழைக்குமா என்று ஐயுற்றோர் பலர். பெண்களோ விலகிப் போகவில்லை, வங்கியும் மூடப்படவில்லை.

1996-இல் ஜெனீவாவில், வீட்டிலிருந்தே பீடி சுற்றுவோரும் துணி தைப்போரும் தொழிலாளரே என்று ஏற்கும் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றியது. அதற்காக நெடுங்காலம் வாதாடியவர்களுள் சேவாவின் பெண்களும் இருந்தனர்.