திருக்கோயிலும் கம்பெனியும் சட்டத்தின் முன்னே

உயிருடையோரே உரிமையுடையோர் என்று உலகம் பொதுவாக எண்ணும். ஆயினும் ஊனும் உயிரும் இல்லாத சிலவற்றையும் 'நபர்' எனக் கொண்டு, அவை பொருள் உடையன, வழக்குத் தொடுக்க வல்லன, வழக்கில் எதிர்நிற்கத் தக்கன என்று சட்டம் கூறுகின்றது. அவற்றுள் முதன்மையானவை இரண்டு: ஒன்று, திருக்கோயிலில் எழுந்தருளியுள்ள மூர்த்தம், மற்றொன்று, வாணிகத்தின் பொருட்டு அமைந்த கம்பெனி. இவை மக்களோடு ஒத்த உரிமை பெறுதல் தகுமோ என்பது ஆராயத்தக்க வினா. திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர்களுக்கு இது புறம்பானதன்று. என்னை? அவர்கள் ஈந்த பொருள் இனி எவருடையது என்பதும் இதனுள் அடங்கும்.

இறைவனைப் பொருளுடையவனாகக் கொள்ளும் நெறி ஆங்கிலேயர் கொணர்ந்ததன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் சிவன்கோயில் நிலங்கள் சண்டேசுவரர் பெயரால் விற்கவும் கொள்ளவும் பெற்றமை காணலாம். சிவபெருமான் உடைமையைக் காக்கும் முதற்பணியாளர் அவரே. வழிபட்டு மீள்வோர் அவர் திருமுன் மெல்லக் கைதட்டி, சிவன்சொத்து எதனையும் கொண்டேகவில்லை எனக் காட்டும் வழக்கம் இன்றும் உண்டு.

கம்பெனி இந்நாடு புக்க வரலாறு வேறு. 1600இல் இங்கிலாந்து அரசியார் அளித்த பட்டயத்தால் பிறந்த கிழக்கிந்தியக் கம்பெனி, 1639இல் சென்னையில் கால்கொண்டது. 1708இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்களைப் பெற்றது. வாணிகம் செய்யப் பிறந்த நபர் மணலியின் அயலூர்களை ஆளும் நபர் ஆயிற்று. அந்நூற்றாண்டின் நடுவில், இன்று உயர்நீதிமன்றம் விளங்கும் பகுதியில் இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலை அக்கம்பெனி கோட்டையின் காவல் கருதி இடித்தது. பின்னர் மாற்றிடம் தர, சென்னகேசவர்க்கும் சென்ன மல்லீசுவரர்க்கும் கோயில்கள் எழுந்தன. அத்திருப்பணிக்குப் பெரும்பொருள் ஈந்தவர், கம்பெனியாரிடம் துபாஷியாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். கம்பெனியோ 1858இல் ஆட்சியை இழந்து, 1874இல் கலைக்கப்பட்டது. கோயில்கள் நிற்கின்றன.

பிற்காலத்து நீதிமன்றங்கள் இருவகை நபர்களின் நிலையையும் வரையறுத்தன. கம்பெனி என்பது அதன் பங்குதாரரின் வேறான தனி நபர் என்று 1896இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை சாலமன் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்துத் திருவுருவம் வெறும் அசையும் பொருளன்று, சட்டநபரே என்று 1925இல் பிரிவி கவுன்சில், கல்கத்தாவிலிருந்து சென்ற மல்லிக் குடும்பத்தார் வழக்கில் கூறியது.

இவ்விருவரும் எதிரெதிர் நின்ற வழக்கும் உண்டு. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் விசுவநாத சுவாமி கோயில் சிதைந்து கிடந்தது. 1976இல் தொழிலாளர் ஒருவர் மண்ணை அகழ்ந்தபொழுது, அக்கோயிலுக்குரிய நடராசர் திருமேனி வெளிப்பட்டது. அது களவாகக் கைமாறிக் கடல் கடந்து இலண்டன் சேர்ந்தது. கனடா நாட்டுப் பம்பர் டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் என்னும் கம்பெனி, நன்னம்பிக்கையோடு அதனை 1982இல் விலைக்கு வாங்கியது. காவல்துறையினர் அதனைக் கைப்பற்றவே, கம்பெனி வழக்குத் தொடுத்தது. இந்திய அரசும் தமிழ்நாட்டரசும் மட்டுமன்றி, அக்கோயிலும், கோயிலில் எஞ்சிய சிவலிங்கமும், தக்கார் வாயிலாக உரிமை கோரின. தொல்பொருள் அறிஞர் நாகசாமி சான்றுரைத்தார்.

பூசையற்றுப் பாழ்பட்ட கோயில் நபராகுமோ? ஆங்கில நாட்டில் கோயில் சட்டநபர் அன்றே? இவை எழுந்த தடைகள். அறங்கருதி வழங்கியோரின் நோக்கம் கோயில் சிதைந்தமையால் அழியாது. தமிழ்நாட்டுச் சட்டம் நபராகக் கொண்டதனை ஆங்கில நீதிமன்றமும் ஏற்றல் நாடுகளுக்கிடையிலான மரபிற்கு ஒத்தது என்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. கோயில் வென்றது, கூத்தப்பெருமான் அவ்வாண்டே தாயகம் மீண்டான். பல நூற்றாண்டின்முன் பெயரறியாத அடியவர் ஈந்த பொருளை, அவர் நோக்கமே நபராக நின்று மீட்டது என்க.

அஃதேல், சட்டநபர் எல்லாம் மக்களோடு ஒப்பரோ எனின், ஒவ்வார். பதி, பசு, பாசம் என முப்பொருள் கூறும் சைவ சித்தாந்தத்தில், வினைசெய்து அதன் பயனை நுகர்வது உயிரே. சட்டம் தந்த பெயர் இரவற்சட்டை போன்றது. எப்பணிக்கென அளிக்கப்பட்டதோ அப்பணியளவே அதன் உரிமையும். இறைவனின் பெருமையும் அப்பெயருள் அடங்குவதன்று; அன்பர் அளித்த பொருளைக் காத்தற்கே அது பயன்படும். கம்பெனிக்கும் பொருளுடைமை, ஒப்பந்தம், வழக்காடல் ஆகியவை வேண்டும். இன்றேல் தொழில் நடவாது. குடிமக்களுக்கே உரியவை வேறு. கம்பெனி குடிமகன் அன்று என்று 1963இல் இந்திய உச்சநீதிமன்றம் கூறியது. அரசியற் கட்சிகளுக்கு நிதி வழங்குவதில் கம்பெனியையும் தனிமனிதரையும் ஒருநிலையில் வைத்தல் பொருந்தாது என்று 2024இல் தேர்தல் பத்திர வழக்கில் அதே மன்றம் தெளிவுபடுத்தியது.

திருவொற்றியூரில் மகிழமரத்தின்கீழ்ச் சங்கிலியார்க்கு உரைத்த சூளுறவைக் கடந்த சுந்தரமூர்த்தி நாயனார், தம்பிரான் தோழராயினும், கண்ணொளி இழந்தார். சொல்லிற் பிழைத்தார்க்கு இழக்கக் கண் உண்டு, கம்பெனிக்கு அஃதில்லை. 2023 டிசம்பர்ப் பெருமழையில் மணலித் தொழிற்பகுதியினின்று எண்ணெய் வெள்ளத்தொடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழியிற் பரந்தது. படகும் வலையும் கரிபடிந்து மீனவர் பிழைப்பு இழந்தனர். அத்தகைய இடத்து, நபர் என்னும் பெயர் பொறுப்பை மறைக்கும் திரையாகலாகாது. இயக்குவோர் கண்ணாகவும் மனச்சான்றாகவும் நின்று விடைகூறக் கடவர்.

இவ்விதி கோயிலுக்கும் ஒக்கும். இறைவன் சட்டத்தின்முன் தானே பேசாதவன். இளஞ்சிறாருக்குப் பாதுகாவலர்போல அறங்காவலரும் தக்காரும் அவன் பொருட்டுப் பேசுவோர். அவர் உறங்கின் சிவன்சொத்து அழியும். அவர் விழித்திருப்பின் பாழ்பட்ட கோயிலும் கடல்கடந்து வழக்கு வெல்லும். குடமுழுக்குக் காணும் அன்பர்கள் ஈந்ததோடு அமையாது, ஈந்த பொருள் உரிய பணிக்கே செல்கின்றதா என நோக்குதலும் சண்டேசுவரர் காட்டிய தொண்டேயாம். அத்தொண்டு தழைப்பதாக.

திருச்சிற்றம்பலம்.