உள்ளூர்க்காரர் யாராவது இருக்கிறார்களா?

2019 டிசம்பர், டெல்லிக் குளிர். இரவு பதினோரு மணிக்குப் போன். "அண்ணா, போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கேன்."

எங்கள் பொங்கல் விழாவில் பந்தி பரிமாறும் கும்பகோணத்துப் பையன். நண்பனின் காரை ஓட்டி வந்திருக்கிறான். போலீஸ் கை காட்டியதும் பயத்தில் நிறுத்தாமல் விரட்டிவிட்டான். அடுத்த சிக்னலில் மடக்கிவிட்டார்கள். செய்தது தப்புதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஜாமீனில் விடக்கூடிய வழக்கு. ஆனால் உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டுமாம். வீட்டுக்காரர் போனையே எடுக்கவில்லை. ஊரில் அப்பாவுக்கு நிலம் இருக்கிறது, அந்தப் பட்டா இங்கே செல்லாக்காசு. அமெரிக்காவில் என்றால் தொகையில் சுமார் பத்து சதவீதத்தைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு பொறுப்பேற்கக் கம்பெனிகளே உண்டு. நம் சட்டத்தில் அப்படிப்பட்ட வியாபாரத்துக்கு இடமில்லை, தெரிந்த மனிதர்தான் வர வேண்டும். மறுநாள் என் கார் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டேன். அவன் கோர்ட்டுக்கு வராவிட்டால் பத்திரத் தொகை என் தலையில். காரால் உள்ளே போனவன், காரால் வெளியே வந்தான் :-)

பிறகு பழைய தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன். நம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதியது போல ஒன்று கிடைத்தது. 1978, மோதிராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்துவிட்டது. கீழ்க் கோர்ட் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள்.

கொத்தனார் மறுபடி டெல்லிக்கு மனுப் போட்டார். பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்பில் ஒரு கேள்வி கேட்டார்: ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால், அங்கே சொத்துள்ள ஆளுக்கு எங்கே போவார்? 1,000 ரூபாய் சொந்தப் பிணையிலேயே கொத்தனாரை விடச் சொன்னார்.

மறு வருடம் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. பணமில்லாத ஒரே காரணத்தால் பீகார் சிறைகளில் பல வருடங்கள் விசாரணைக் கைதிகளாகக் கிடந்தவர்களின் கதை நாட்டுக்குத் தெரிந்தது. 2006-ல் ஒரு சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாவிட்டால், அவரை வசதியற்றவராகக் கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் இது 478-வது பிரிவாக இருக்கிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், விடுதலை தாமதமாக உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பதும் ஒரு காரணம், அந்த நிபந்தனை வேண்டாம் என்று கீழ்க் கோர்ட்டுகளுக்குச் சொன்னது.

கவனித்தீர்களா? 1978-ல் சொன்னதை 45 வருடம் கழித்தும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால் வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடுராத்திரியில் கூப்பிட்டால் எழுந்து வருகிற இரண்டு பேரையாவது சம்பாதித்து வையுங்கள். யாருக்காவது நீங்களும் அப்படி ஒருவராக இருங்கள்.

அந்தப் பையன் ஒரு வாய்தாவைக்கூடத் தவறவிடவில்லை.