புதுநகரச் சட்டத்தின் ஆயுள்: ஹோண்டுராஸும் ஷென்ஷென்னும்

ஏழை நாடுகளைப் பின்னிழுப்பது பணக் குறையைவிட விதிகளின் குறையே என்பது பொருளியலாளர் பால் ரோமரின் வாதம். நாட்டின் விதிகள் முழுவதையும் ஒருசேர மாற்றுவது அரிது. ஆளில்லா நிலத்தில் நல்ல விதிகளோடு ஒரு நகரை எழுப்பினால் விரும்புவோர் வந்து குடியேறுவர் என்று 2009இல் அவர் பட்டய நகரக் கருத்தை முன்வைத்தார். விதிகளின் முதன்மையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால், அவ்விதிகள் யாருடைய ஒப்புதலில் நிற்கும் என்ற கேள்விக்கு இக்கருத்தில் விடையில்லை. ஹோண்டுராஸில் திட்டம் முறிந்தது அங்கேதான்.

அந்நாடு 2011இல் இதற்கென அரசமைப்பையே திருத்தியது. தமக்குத் தெரியாமல் ஒரு முதலீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானதால் 2012 செப்டம்பரில் ரோமரே விலகிக்கொண்டார். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாதாக்கியது. அச்சட்டத்துக்கு எதிராக வாக்களித்திருந்த அரசமைப்பு அமர்வின் நான்கு நீதிபதிகளை டிசம்பரில் நாடாளுமன்றம் பதவிநீக்கியது. நீக்கத்துக்கு உடனடிக் காரணம் காவல்துறைச் சட்டம் பற்றிய தீர்ப்புதான் என்றாலும், 2013இல் ‘ஸெடே’ என்ற பெயரில் ஏறக்குறைய அதே ஏற்பாடு தடையின்றி மீண்டது. ரோவாட்டான் தீவின் ப்ரோஸ்பெரா என்னும் தனியார் நகரம் அச்சட்டத்தில் பிறந்தது. தனி வரி, தனி ஒழுங்குமுறை, தனி நடுவர் மையம் என முதலீட்டாளர் விரும்பும் அனைத்தும் அங்கே இருந்தன. ஸெடே ஒழிப்பை வாக்குறுதியாக்கிய சியோமாரா காஸ்ட்ரோ 2021 அதிபர் தேர்தலில் வென்றார். 2022 ஏப்ரலில் நாடாளுமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை நீக்கியது. இதற்காக ப்ரோஸ்பெரா நிறுவனம் அரசிடம் கோரிய இழப்பீடு ஏறத்தாழ 1,077 கோடி டாலர், நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு. 2024இல் உச்ச நீதிமன்றமும் ஸெடே அரசமைப்புக்கு முரண் என்று தீர்த்தது. மக்களுக்கு எட்டாத உயரத்தில் வைத்துக் காக்கப்பட்ட விதி, ஒரே தேர்தலில் வீழ்ந்தது.

சீனாவின் சிறப்புப் பொருளாதார மண்டலமான ஷென்ஷென்னில் மட்டும் யார் வாக்குக் கேட்டார் என்று மறுக்கலாம். எவரும் கேட்கவில்லை. ஆயினும் 1980இல் தொடங்கிய அம்மண்டலத்தைக் கலைக்க வல்ல அரசுதான் அதன் பலனையும் பெற்றது. 1987 டிசம்பர் 1 அன்று அந்நகரம் நிலப் பயன்பாட்டு உரிமையை ஏலம் விட்டபோது, நிலக் கைமாற்றம் சீன அரசமைப்பில் தடைசெய்யப்பட்டிருந்தது; சில மாதங்களில், 1988 ஏப்ரலில், அரசமைப்பே திருத்தப்பட்டது. நகரத்தின் சோதனை நாட்டின் சட்டமாயிற்று. ப்ரோஸ்பெராவின் விதிகளுக்கு அவ்வாறு நாட்டுக்குள் பரவும் வழியே வகுக்கப்படவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஷென்ஷென் வெற்று நிலமல்ல. ஊர்கள் நிறைந்த பகுதி. வயல்களை இழந்த ஊரார் வீட்டு மனைகளைத் தக்கவைத்து, அடுக்குமாடி கட்டி, வெளியூர்த் தொழிலாளருக்குக் குறைந்த வாடகைக்கு விட்டனர். திட்ட வரைபடத்தில் இல்லாத இக்குடியிருப்புகளே ஆலைத் தொழிலாளரைத் தாங்கின. நகர வளர்ச்சியில் பழைய குடிகளுக்கும் வருமானம் கிடைத்தது. ப்ரோஸ்பெராவுக்கு அடுத்துள்ள கிராஃபிஷ் ராக் மீனவர் ஊரில் நிலைமை வேறு. ஸெடே சட்டம் மண்டல விரிவாக்கத்துக்காக நிலத்தைக் கையகப்படுத்த அரசுக்கு இடமளித்தது. நிறுவனம் அவ்வாறு நிலம் பெறமாட்டோம் என்று உறுதியளித்தும் ஊராரின் அச்சம் அடங்கவில்லை. அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. சட்டத்தில் எழுதியிருந்தது கையகப்படுத்தும் அதிகாரம். உறுதிமொழி அதில் இல்லை.