ஒரு பாட்டும் இரண்டு பெண்களும்

கறுப்பினப் பெண்ணொருத்தி பாடும் புளூஸ் பாட்டைத் தட்டில் பதிந்தால் விலைபோகும் என்பதை அமெரிக்க இசைத்தட்டுக் கம்பனிகள் நெடுங்காலம் நம்பவில்லை. கறுப்பின மக்களிடம் கிராமபோன் வாங்கக் காசு ஏது என்பது அவர்களின் கணக்கு. அந்தக் கணக்கைப் பிழையாக்கியவர் மேமி ஸ்மித். பெரி பிராட்போர்ட் என்ற கறுப்பினப் பாடலாசிரியர் கம்பனி கம்பனியாக ஏறி இறங்கியதன் பயனாக, 1920 ஓகஸ்ட் 10ஆம் திகதி நியூயோர்க்கில் ஓகே கம்பனிக்காக 'கிரேஸி புளூஸ்' என்ற பாட்டை அவர் பாடினார். தட்டுகள் ஆயிரக்கணக்கில் விற்றன. அதன் பின் மற்றக் கம்பனிகளும் இப்படிப் பாடும் பெண்களைத் தேடி ஓடின. கறுப்பின மக்களுக்கென்று 'ரேஸ் ரெக்கோர்ட்ஸ்' என்ற தனிப் பட்டியல் அச்சாகியது. ரயிலில் தனிப் பெட்டி போல, பாட்டிலும் தனிப் பட்டியல்.

புளூஸ் என்றதும் வெறும் ஒப்பாரி என்று நினைத்துவிடக் கூடாது. அடிமைகளாயிருந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தென்மாநிலங்களில் பாடிய பாட்டு அது. துயரம் இருக்கிறது; கூடவே ஏமாற்றிய கணவனை வாசலில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும் துணிவும், தன்னையே கேலி செய்யும் சிரிப்பும் இருக்கின்றன. ஒரு பெண் தன் ஆசையையும் கோபத்தையும் தன் வாயாலேயே ஊரறியச் சொன்னாள் என்பதில்தான் அதன் புதுமை.

இந்தப் பெண்களின் குரலில் உண்டான பணம் எங்கே போனது? அதை அறிய ஒரேயொரு பாட்டைத் தொடர்ந்து போனால் போதும். 'டவுன்ஹார்ட்டட் புளூஸ்' என்ற அப்பாட்டின் சொற்களை எழுதியவர் மெம்பிஸில் பிறந்து சிக்காகோவுக்கு ஓடி வந்த அல்பேர்ட்டா ஹன்டர். மெட்டமைத்தவர் லவீ ஒஸ்டின் என்ற பியானோக் கலைஞர்; அவரும் பெண்ணே. 1922இல் பெரமவுன்ட் கம்பனிக்காக அல்பேர்ட்டாவே அதைப் பாடினார். மறு வருடம் பெப்ரவரியில், கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த கொலம்பியா கம்பனி, சட்டனூகா நகரத் தெருவோரங்களில் பாடி வளர்ந்த பெஸி ஸ்மித்தைக் கொண்டு அதே பாட்டைப் பதிந்தது. ஆறு மாதங்களில் ஏழரை இலட்சத்துக்கு மேல் விற்றது என்பது பொதுவாகத் தரப்படும் கணக்கு.

பெஸிக்கு வெளியிடத் தகுந்த ஒவ்வொரு பாட்டுக்கும் 125 டொலர். அத்தோடு சரி. விற்பனையில் பங்கு தரும் வாசகம் ஒப்பந்தத்தில் வெட்டப்பட்டிருந்தது. எழுதிய அல்பேர்ட்டாவுக்கு? பதிவுரிமையைப் பெரமவுன்டின் மேயோ வில்லியம்ஸ் இரகசியமாகக் கொலம்பியாவுக்கு விற்று, உரிமைப் பணம் தன்னிடமே வரும்படி செய்துகொண்டார். அல்பேர்ட்டாவுக்குக் கிடைத்தது 368 டொலர். வில்லியம்ஸும் கறுப்பினத்தவரே, பல்கலைக்கழகம் கண்டவர். இக்கதையை வெள்ளையர் கறுப்பரை ஏய்த்த கதையாக மட்டும் சொல்வோர் இந்த இடத்தை விரைவாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எழுதத் தெரிந்தவன் கையில் பத்திரம் இருந்தது, பாடத் தெரிந்தவள் கையில் இல்லை என்பதும் இதில் இருக்கிறது. வாசிக்கப் படிப்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விடம் எப்போதும் உறுத்தும்.

மேடையில் பெஸி நிறையவே சம்பாதித்தார். சொந்த ரயில் பெட்டியில் ஊர் ஊராகப் போனார். பொருளாதார மந்தம் வந்தது. 1931இல் கொலம்பியா அவரைக் கைவிட்டது. 1937 செப்டெம்பர் 26ஆம் திகதி மிசிசிப்பியில் வாகன விபத்தில் காயமுற்று இறந்தார். வெள்ளையர் வைத்தியசாலை கதவடைத்ததால் இறந்தார் என்ற கதை உலகெங்கும் பரவி, நாடகமாகவும் ஆயிற்று. அது நடக்கவில்லை. அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய கிறிஸ் அல்பேர்ட்சன், விபத்து நடந்த இடத்தில் நின்ற வைத்தியரையே கண்டு விசாரித்து, அவர் நேரே கறுப்பினத்தவருக்கான வைத்தியசாலைக்கே கொண்டுசெல்லப்பட்டார் என்பதை 1972இல் எழுதினார். இரண்டு வைத்தியசாலைகள் இருந்ததே போதாதா, பொய் எதற்கு?

அவரது கல்லறையில் முப்பத்துமூன்று வருடங்கள் பெயர்க்கல் இருக்கவில்லை. 1970இல் பாடகி ஜனிஸ் ஜொப்ளினும், சிறுமியாக இருக்கையில் பெஸியின் வீட்டுத் தரையைத் துடைத்த ஜுவனிற்றா கிரீனும் பணம் போட்டுக் கல் நாட்டினார்கள். 1946இல் இறந்த மேமி ஸ்மித்துக்கோ 2014 வரை கல் இல்லை.

அல்பேர்ட்டா வேறு வழியில் போனார். 1950களின் நடுவில் தாயார் இறந்ததும் பாட்டை விட்டார். வயதைப் பன்னிரண்டு வருடம் குறைத்துச் சொல்லித் தாதியர் பயிற்சியில் சேர்ந்து, நியூயோர்க் வைத்தியசாலையொன்றில் இருபது வருடங்கள் வேலை செய்தார். 1977இல், எழுபது வயதாகிவிட்டது என்று நிர்வாகம் ஓய்வு கொடுத்து அனுப்பியபோது உண்மை வயது எண்பத்திரண்டு. அதே வருடம் கிரீனிச் விலேஜ் உணவகமொன்றில் மீண்டும் பாடத் தொடங்கினார். மறு வருடம் ஒரு திரைப்படத்துக்கான இசைத்தட்டில் 'டவுன்ஹார்ட்டட் புளூஸ்' பாட்டை அவர் திரும்பவும் பாடினார். தட்டை வெளியிட்டது கொலம்பியா.