கல்லும் சொல்லும்: ஒரு துருக்கியக் கடற்கரை ஊரின் வரலாறு

துருக்கி நாட்டின் தென்மேற்கு மூலையில், ஏஜியன் கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பம் ஒன்றில் அமைந்த ஊர் போத்ரும். வெள்ளைச் சுவர் வீடுகள், துறை நிறையப் பாய்மரப் படகுகள், எதிரே கண்ணுக்கெட்டும் தொலைவில் கிரேக்கத்துக்குரிய கோஸ் தீவு. கோடையில் இவற்றைக் காண வரும் கூட்டம் பெரிது. எழுதுகோல் பிடித்தவர்கள் இவ்வூரை நாடிச் செல்ல இன்னொரு காரணமும் உண்டு. மனிதன் தன் நினைவை நிலைநிறுத்தக் கல்லை நம்பியதும் சொல்லை நம்பியதும் இங்கே அருகருகே நிகழ்ந்தன. இரண்டும் என்னவாயின என்பதை ஒரு நாள் நடையிலேயே கண்டுவிடலாம்.

இவ்வூரின் பழம்பெயர் ஹாலிகர்னாசஸ். வரலாற்றின் தந்தை எனப் போற்றப்படும் ஹெரோடோட்டஸ் கி.மு. 484 அளவில் பிறந்தது இங்கேதான். மனிதர் செய்த செயல்கள் காலத்தால் மங்கிவிடக் கூடாது என்பதே தம் நோக்கம் என்று அவர் நூலின் தொடக்கத்திலேயே அறிவிக்கிறார். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போர் நடந்தபோது இவ்வூர் அரசி முதலாம் அர்டெமிசியா பாரசீகர் பக்கம் நின்று கப்பல்களை நடத்தினாள். கிரேக்க மொழியில் எழுதிய ஹெரோடோட்டஸ், அவள் எதிரணியினள் என்று ஒதுக்காமல் அவளது துணிவையும் மதிநுட்பத்தையும் வியந்தே எழுதினார்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் இவ்வூரைத் தலைநகராக்கி ஆண்டவன் மௌசோலஸ். கி.மு. 353இல் அவன் மறைந்தான். அவனுக்கு மனைவியும் உடன்பிறந்தவளுமான இரண்டாம் அர்டெமிசியா காலத்தில் ஒரு மாபெரும் கல்லறை எழுந்தது. ஸ்கோபாஸ், லியோகாரிஸ் முதலிய பெருஞ்சிற்பிகள் அதில் கைவைத்தனர். ஏறத்தாழ 45 மீட்டர் உயர்ந்து நின்ற அக்கட்டடம் பண்டை உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாயிற்று.

அந்தக் கல் என்னவாயிற்று? நிலநடுக்கங்கள் அதைச் சாய்த்தன. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோட்ஸ் தீவிலிருந்து வந்த புனித யோவான் வீரர்கள் துறைமுக முனையில் ஒரு கோட்டை எழுப்பத் தொடங்கினர். 1494இலும் 1522இலும் அதை வலுப்படுத்தக் கல்லறைக் கற்களைப் பெயர்த்துச் சுமந்தனர். பளிங்கைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். சுவரில் பதித்துவைத்த சிற்பப் பலகைகளை 1846இல் ஆங்கிலேயர் பெயர்த்து இலண்டனுக்கு அனுப்பினர். 1857இல் சார்லஸ் நியூட்டன் அகழ்ந்தெடுத்த சிலைகளும் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் சென்றன. கல்லறை நின்ற இடத்தில் இன்று ஒரு பள்ளமும் உடைந்த தூண் துண்டுகளும் கிடக்கின்றன. பெருங்கல்லறைகளை ஐரோப்பிய மொழிகள் 'மௌசோலியம்' என்கின்றன. அம்மன்னனுக்கும் முழுதாக எஞ்சியது ஒரு சொல்தான்.

கோட்டை பின்னர் உதுமானியர் வசமாயிற்று, 1895இல் சிறைச்சாலையாயிற்று. துருக்கி மொழியில் 'போத்ரும்' என்றால் நிலவறை என்றும் பொருள். இந்த ஊருக்குத்தான் 1925இல் ஒருவர் தண்டனையாக அனுப்பப்பட்டார். ஜெவாத் ஷாகிர் என்னும் அவர் ஆக்ஸ்போர்டில் பயின்றவர். தந்தையின் கொலைக்காக ஏழாண்டு சிறையில் கிடந்தவர். படையிலிருந்து ஓடிய வீரர்கள் விசாரணையின்றித் தூக்கிலிடப்பட்டதைப் பற்றி ஒரு வார இதழில் எழுதினார். அதற்குக் கிடைத்த தண்டனை போத்ருமில் மூன்றாண்டுக் காவல்.

அன்று போத்ரும் சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஏழை ஊர். 1923ஆம் ஆண்டின் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தால் இங்கிருந்த கிரேக்கர் வெளியேற, கிரீட் தீவின் முஸ்லிம்கள் வந்து குடியேறினர். வேரறுந்தோர் நிறைந்த அவ்வூரில், அதிகாரியின் கனிவால் அவர் கடலோரம் ஒரு வீட்டில் தங்க முடிந்தது. தண்டனையின் பிற்பகுதியை இஸ்தான்புல்லில் கழித்தவர், விடுதலை பெற்றதும் தாமே விரும்பிப் போத்ருமுக்குத் திரும்பினார். 1947 வரை அங்கேயே வாழ்ந்தார். மீனவரோடு கடலுக்குச் சென்றார். தொலைநாட்டு விதைகளை வரவழைத்து மரங்கள் வளர்த்தார். கடற்பஞ்சு எடுக்கும் குளியாட்களின் பாட்டைக் கதைகளாகவும் நாவல்களாகவும் எழுதினார். 'ஹாலிகர்னாசஸ் மீனவன்' என்பது அவர் பூண்ட புனைபெயர். அரசு விதித்த நாடுகடத்தலைக் கடலின் நிறத்தால் பெயரிட்டு 'நீல நாடுகடத்தல்' என்று நினைவுநூல் ஆக்கினார். 1973இல் மறைந்தபின் போத்ரும் மண்ணிலேயே அடக்கமானார்.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மௌசோலஸ் கல்லறைச் சிற்பங்கள் இருக்க வேண்டிய இடம் இந்நீல வானத்தின் கீழ்தான் என்று அவர் இலண்டனுக்குக் கடிதம் எழுதினாராம். நினைவூட்டியதற்கு நன்றி, சிற்பக்கூடத்துக்கு நீல வண்ணம் பூசிவிட்டோம் என்று பதில் வந்ததாம்.

அவரும் சபாஹத்தின் எயுபோலு, அஸ்ரா எர்ஹாத் முதலிய எழுத்தாளர்களும் எளிய படகுகளில் கரையோரமாய்ச் சென்று பழம்பதிகளைக் கண்டனர். அதுவே 'நீலப் பயணம்'. கையிருப்பு சிறிது, பேச்சும் படிப்பும் பெரிது. இன்று அதே பெயரில் சொகுசுப் படகுகள் வாடகைக்கு விடப்படுகின்றன. சொல் அழியவில்லை, விலைக்கு வந்துவிட்டது. ஊரின் மக்கள்தொகை இரண்டு லட்சத்தை நெருங்கிவிட்டது. 1986இல் மத்தியதரைக் கடலில் பரவிய நோய் கடற்பஞ்சை அழித்தது. அத்துடன் அவர் எழுதிய குளியாட்களின் தொழிலும் ஒடுங்கியது.

அக்குளியாட்கள் விட்டுச்சென்ற சொல்லும் ஒன்றுண்டு. 1982இல் போத்ருமை அடுத்த யாலிகவாக் ஊரைச் சேர்ந்த ஒரு குளியாள், கடலடியில் 'காது வைத்த உலோக பிஸ்கட்டுகள்' கண்டதாகச் சொன்னார். அந்தச் சொல்லைத் தொடர்ந்து சென்றோர் உலுபுருன் முனையருகே 3,300 ஆண்டுப் பழைமையான கப்பலைக் கண்டனர். அதில் பத்து டன் செம்புக் கட்டிகள் இருந்தன. அவர் சொன்ன காதுகள் அவற்றின் மூலைப்பிடிகளே. அக்கப்பலின் சரக்கு இன்று அதே கோட்டையில் இயங்கும் நீரடித் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அரசன் கல்லறை சுண்ணாம்பானது. தண்டனை பெற்றவனின் எழுத்து ஓர் ஊரை உலகறியச் செய்தது. ஆழ்கடலில் மூழ்கியவன் சொன்ன உவமை ஒரு காலத்தையே மேலே கொணர்ந்தது. ஓர் ஊரை எழுதுகிறவர், அந்த எழுத்தை நம்பி நாளை யார் வருவார், அங்கிருப்போர் என்னாவார் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது. போத்ருமுக்குச் செல்வோர் கடலைப் பார்த்த பின், கோட்டைக்குள் அந்தச் செம்புக் கட்டிகளின் முன்னும் சற்று நிற்பது நல்லது.